தோட்டத்துக் கோயிலின் பழைய செப்புத் திருமேனி: பதிவு செய்வது முதல் களிம்பிலிருந்து காப்பது வரை

தோட்டம் கைமாறுகிறது. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த நிலம் இப்போது வீடமைப்புத் திட்டமாகிறது. தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் இருந்த கோயில் டவுன் ஓரத்துக்கு இடம் பெயர்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் இது பழகிப்போன காட்சி. மூலவர் சிலையை நகர்த்த நாள் பார்த்து, ஆள் வைத்து, அங்குலம் அங்குலமாகச் செய்கிற நிர்வாகம், ஒரு சாண் உயரத்துச் செப்பு அம்மனைப் பழைய சேலையில் சுற்றி மைலோ அட்டைப்பெட்டியில் வைத்து யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் சேலை பச்சையாக ஒட்டியிருக்கும். அல்லது பெட்டியே இருக்காது. அல்லது கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்த்து, மூக்கும் கண்ணும் மழுங்கிய ஒரு மஞ்சள் பொம்மை நம்மைப் பார்க்கும்.

இந்த மூன்றையும் தடுக்கலாம். அருங்காட்சியகம் ஒரு சிறிய செப்புத் திருமேனியை எப்படிப் பதிகிறதோ, எப்படி உலர்வாக வைக்கிறதோ, அதையே தோட்டத்துக் கோயிலும் சில நூறு ரிங்கிட் செலவில் செய்ய முடியும்.

தொடுவதற்கு முன்

வழிபாட்டில் இருக்கும் திருமேனி என்றால் முதலில் குருக்களிடமோ பூசாரியிடமோ கேளுங்கள். பூசை முடிந்து அலங்காரம் களைந்த நேரமே சரியான நேரம். நிர்வாகத்திலிருந்து இருவராவது கூட இருக்கட்டும். ஒருவர் எழுத, ஒருவர் பிடிக்க.

மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பருத்திக் கையுறை வழுக்கும், நூல் இழை விரலிலும் முத்திரையிலும் மாட்டும். வெறும் கையில் வியர்வை உப்பு இருக்கிறது. அந்த உப்பு செம்புக்கு என்ன செய்யும் என்பது கீழே வருகிறது.

மேசைமேல் துவைத்த பருத்தித் துணியை நான்காக மடித்து விரியுங்கள். திருமேனியைத் தூக்கும்போது ஒரு கை பீடத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகுப் பக்கம். கைகளையோ, ஏந்திய தாமரையையோ, சூலத்தையோ, பின்னால் வளைந்து நிற்கும் திருவாசியையோ பிடித்துத் தூக்கவே கூடாது. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாத கன வார்ப்பு. உருவத்தைப் பார்த்து நினைக்கும் எடையைவிட நிஜ எடை அதிகம். அந்த எடை முழுவதும் ஒரு மெல்லிய மணிக்கட்டில் தொங்கினால் முறிந்துவிடும். திருவாசி தனியாகக் கழன்று வருவதானால் முதலில் அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

முன்பே முறிந்த துண்டு இருந்தால் பசை போடாதீர்கள். வெல்டிங் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள். பழைய வார்ப்பில் காரீயம் கலந்திருக்கும். வெல்டிங் சூட்டில் முதலில் உருகி வழிவது அதுதான். துண்டை ஒரு சிறு பையில் போட்டு, எந்த இடத்துத் துண்டு என்று எழுதி, திருமேனியுடனேயே வையுங்கள்.

அளவு, எடை, அடையாளம்

களவுபோன கலைப்பொருளைத் தேட உலக அளவில் ஒரு பொதுப் படிவம் இருக்கிறது. பெயர் ஆப்ஜெக்ட் ஐடி, 1997இல் வந்தது. போலீசும் சுங்கத்துறையும் அருங்காட்சியகங்களும் ஒரே முறையில் விவரம் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பொருளின் வகை, உலோகமும் செய்முறையும், அளவுகள், எழுத்துகளும் குறிகளும், தனி அடையாளங்கள், யாருடைய உருவம், காலம், செய்தவர், இவற்றோடு படங்கள். ஒரு தாள் போதும். இன்டர்போல் 2021இல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியிலும் இதே வகைப் பதிவைக் கைப்பேசியிலேயே செய்யலாம்.

அளவை மில்லிமீட்டரில் எடுங்கள். பீடத்தோடு மொத்த உயரம், பீடம் இல்லாமல் உருவத்தின் உயரம், மிக அகன்ற இடத்து அகலம், முன்பின் ஆழம், பீடத்தின் நீளம் அகலம் உயரம். இரும்பு அளவுகோலை உலோகத்தின்மேல் வைத்து அழுத்தாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் மரச் செங்கோணங்கள் இரண்டை இருபுறமும் நிறுத்தி இடைவெளியை அளந்தால் கீறல் விழாது. எடையைச் சமையலறை டிஜிட்டல் தராசில் கிராம் கணக்கில் எடுங்கள். ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு திருமேனிகள் இருக்கலாம். கிராம் வரை ஒத்துப்போகும் இரண்டு கிடைப்பது அரிது.

ஸ்தபதிகளின் கணக்கை இங்கே கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. சிவன், விஷ்ணு திருவுருவங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது உயரம் 124 பங்கு. உமை, இலக்குமி போன்ற தேவியருக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. சுவாமிமலையில் இன்றும் தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்தே இந்தப் பங்குகளைப் பிரிக்கிறார்கள். நின்ற கோலத்து அம்மனின் கால் மட்டும் மற்ற உறுப்புகளோடு ஒட்டாமல் குட்டையாகத் தெரிந்தால், எப்போதோ பாதம் முறிந்து புதிய பீடத்தில் பதித்திருக்கலாம். அதுவும் ஓர் அடையாளம். எழுதி வையுங்கள்.

தனி அடையாளம் என்பது படிவத்தின் உயிர்நாடி. "அழகான அம்மன் சிலை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "இடது பின்கையின் சுண்டுவிரல் நுனி இல்லை, பீடத்தின் பின்புறம் வலது மூலையில் அரிசி அளவு வார்ப்புக் குழி, வலது முழங்காலில் 9 மில்லிமீட்டர் கீறல்" என்று எழுதுங்கள். பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருந்தால் எண்ணிக் குறியுங்கள். அவை உற்சவத்தில் கட்டித் தூக்க வைத்தவை. கொடுத்தவர் பெயர் தமிழில் வெட்டியிருந்தால் எழுத்துப் பிழையோடு அப்படியே நகலெடுங்கள்.

படம்

சாம்பல் நிறத் துணி பின்னணி, ஜன்னல் ஓரத்து நிழல் வெளிச்சம். ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசியை ஒன்றரை மீட்டர் தள்ளி, திருமேனியின் நடு உயரத்துக்கு நேராக நிறுத்தி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். மிக அருகில் நின்று எடுத்தால் முகம் வீங்கித் தெரியும், அளவு பொய்யாகும். ஓர் அளவுகோலை பீடத்தின் அடியில் உருவத்தின் அதே தளத்தில் வையுங்கள்.

எடுக்க வேண்டியவை:
- முன், பின், இடம், வலம், இரண்டு சாய்வுப் பக்கங்கள்
- மேலிருந்து ஒன்று, பீடத்தின் அடிப்பாகம் ஒன்று
- முகம், ஒவ்வொரு கை, பின்தலைச் சிரச்சக்கரம்
- ஒவ்வொரு சேதமும் தனித்தனியே

பின்பக்கத்தையும் அடிப்பாகத்தையும் பலர் எடுப்பதில்லை. முன்பக்கம் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். பின்னலும் அடிப்பாகத்து உளித்தடமும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எழுத்து தேய்ந்திருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேற்பரப்போடு ஒட்டினாற்போல் படுக்கை வாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். கண்ணுக்கே தெரியாத வெட்டு நிழல் விழுந்து எழும்பி வரும். மாவு, சுண்ணாம்பு, திருநீறு தடவி எழுத்தை வெளிக்கொண்டுவரும் பழக்கம் கெடுதல். அந்தத் துகள் வெட்டின் அடியில் தங்கி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

படம் எடுக்குமுன் கைப்பேசியின் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். படங்களை மூன்று இடத்தில் வையுங்கள்: நிர்வாகக் கணினி, ஒரு பென்டிரைவ், வேறொரு பொறுப்பாளரின் வீடு. கோயில் பெயரும் இடமும் போட்டு "நூறாண்டுப் பழமை" என்று முகநூலில் ஏற்றுவது திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பதுதான்.

ஒரு பழைய படம் என்ன செய்யும் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராசர் சான்று. அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் களவாடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய திருமேனி அது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகக் கோயில்களில் எடுத்துச் சேமித்திருந்த படங்களோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014இல் நடராசர் இந்தியா திரும்பினார். படம் எடுத்து வைத்தவர்கள் களவை எதிர்பார்த்து எடுக்கவில்லை. பதிவு செய்வது கடமை என்று எடுத்தார்கள்.

களிம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

செம்பில் களிம்பு ஆன்மாவைப் பற்றிய ஆணவத்துக்கு உவமை என்று சைவ சித்தாந்த வகுப்பில் கேட்டிருப்போம். அதனால்தானோ என்னவோ, களிம்பு என்றாலே தேய்த்துப் போக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. எல்லாக் களிம்பும் பகை அல்ல. பழைய திருமேனியின் மேல் படிந்த கருமையும் ஆழ்ந்த பழுப்பும் இறுகிய பச்சையும் அதன் தோல். அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்றிலிருந்து மறைத்து நிற்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். பிராஸோ போன்ற பாலிஷில் அரைக்கும் பொடி இருக்கிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் முதலில் போவது மேடான இடங்கள்: மூக்கு நுனி, இமை, உதடு, மார்பு, முழங்கால். வருடத்துக்கு இரண்டு முறை என்று நாற்பது வருடம் தேய்த்தால் முகமே இருக்காது.

உண்மையில் பயப்பட வேண்டிய பச்சை ஒன்றுதான். நிறம் வெளிர்ப் பச்சை, பார்க்கத் தூள் தூளாக, தொட்டால் உதிரும். சின்னச் சின்னப் புள்ளிகளாகக் குழிகளில் பூக்கும். இதை வெண்கல நோய் என்பார்கள். நடப்பது இதுதான்: உப்பிலிருந்து வந்த குளோரைடு உலோகத்துக்குள் குப்ரஸ் குளோரைடாகப் பதுங்கிக் கிடக்கிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தவுடன் அது பச்சைத் தூளாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குப்ரஸ் குளோரைடாகிறது. சுற்று முடிவதே இல்லை. மேலே தூளைத் துடைத்துவிட்டால் நோய் போனதாகாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. புள்ளியைப் படம் எடுங்கள். மூங்கில் பல்குச்சியால் தூளை மெதுவாக எடுத்துவிடுங்கள், ஊசியோ கத்தியோ வேண்டாம். திருமேனிக்கு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து, நீர் படாத சாதாரண அறையில் அசையாமல் விடுங்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் பாருங்கள். அதே இடத்தில் தூள் மறுபடி பூத்தாலோ, காகிதத்தில் பச்சைப் பொடி விழுந்திருந்தாலோ நோய் உயிரோடு இருக்கிறது. குச்சியால் தட்டினால் கடினமாக, வழவழப்பாக, இரண்டு வாரம் கழித்தும் மாறாமல் இருக்கும் பச்சை பெரும்பாலும் மலக்கைட் என்ற நிலையான செம்புக் கனிமம். அதை விட்டுவிடுங்கள்.

எலுமிச்சை, கெட்சப், சோடா மாவுக் குளியல் என்று இணையத்தில் உலவும் வைத்தியம் எதுவும் வேண்டாம். அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனத்தைச் சாராயக் கரைசலில் பயன்படுத்துகிறார்கள். அது உடலுக்குத் தீங்கானது, வீட்டில் செய்யும் வேலையல்ல. நீங்கள் செய்யக்கூடியதும், உண்மையிலேயே வேலை செய்வதும் ஒன்றுதான்: ஈரத்தை எடுத்துவிடுவது.

உலர்பெட்டி

வெண்கல நோய் சார்பு ஈரப்பதம் சுமார் 42 விழுக்காட்டைத் தாண்டும்போது கிளம்புகிறது. நம் ஊர்க் காற்று பெரும்பாலான நாள் 80ஐ ஒட்டி இருக்கிறது. எனவே நோயுள்ள திருமேனிக்கு 35க்குக் கீழே வைத்திருக்கும் பெட்டி வேண்டும். நோயில்லாத திருமேனிக்கு இந்தப் பெட்டி கட்டாயமில்லை.

மூடியில் காற்றுப் புகாத வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள பாலிப்ரோப்பிலீன் பெட்டி, அடியில் 5 என்ற குறி இருக்கும். பிவிசி பெட்டியோ பிவிசி விரிப்போ ஆகாது, அது நாளடைவில் அமில ஆவி விடும். புதுப் பலகைப் பெட்டி, பிளைவுட் இரண்டும் அப்படியே. இன்னொன்று, பால்மரத்து ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது: கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் விரிப்பையும் ரப்பர் வளையங்களையும் திருமேனியோடு சேர்த்து வைத்தால் செம்பும் வெள்ளியும் கறுக்கும். கொக்கிப் பெட்டியின் மூடி வளையம் சிலிக்கோனாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. அடியில் பாலிஎதிலீன் நுரைத் தாள், அதன்மேல் கஞ்சியில்லாத வெள்ளைப் பருத்தித் துணி. சாயத் துணியும் செய்தித்தாளும் வேண்டாம்.

சிலிக்கா ஜெல் எவ்வளவு? அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது வழக்கமான கணக்கு. உள்ளளவு 30, 30, 40 சென்டிமீட்டர் உள்ள பெட்டி 36 லிட்டர். கணக்குப்படி 720 கிராம். நம் ஈரத்துக்கும் அவ்வப்போது திறப்பதற்கும் சேர்த்து ஒரு கிலோ போடுங்கள். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு மணியை வாங்குங்கள். நீல மணியில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு இருக்கிறது. துணிப்பைகளில் கட்டி, திருமேனியின்மேல் படாமல் ஓரத்தில் வையுங்கள். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வெளியிலிருந்து தெரியும்படி உள்ளே நிறுத்துங்கள்.

மானி 35ஐத் தொட்டால் ஜெல் நிறைந்துவிட்டது. தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி ஓவனில் 110 முதல் 120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி உலரும். 120ஐத் தாண்டினால் ஆரஞ்சுச் சாயம் கெடும். ஆறிய பிறகே பெட்டியில் போடுங்கள். சூடாகப் போட்டால் பெட்டிக்குள்ளேயே வெப்பம் ஏறி இறங்கும். இரண்டு கிலோவாக வாங்கிக்கொண்டால் ஒரு கிலோ உலரும்போது மறு கிலோ உள்ளே இருக்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூடியில். மானி ஒரு வாரத்துக்குள்ளேயே 50க்கு ஏறினால் ஜெல்லைக் குறை சொல்லாதீர்கள், மூடியில் துணி நுனி மாட்டியிருக்கும்.

அபிஷேகம்

இதைச் சொல்லும்போது மனத்தாங்கல் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். இளநீரில் இயல்பாகவே குளோரைடு இருக்கிறது. எலுமிச்சைச் சாறு அமிலம். பஞ்சாமிர்தத்துச் சர்க்கரை மடிப்புகளில் தங்கி ஈரம் பிடிக்கும். சந்தனக்காப்பு இரவு முழுக்க ஈரத் துணி போர்த்தியதுபோல் இருக்கும். வெள்ளிக் கவசத்தை ஈரத்தோடு நேராகச் சாத்தினால் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு, அரிபடுவது செம்புதான். இடையில் உலர்ந்த பருத்தித் துணி வைத்தே சாத்துங்கள்.

ஆகமமே இதற்கு வழி வைத்திருக்கிறது. மூலவர், உற்சவர் தவிரத் திருமஞ்சனத்துக்கென்றே ஸ்நபன பேரம் என்று தனித் திருமேனி வைப்பது பழைய மரபு. புதிதாகச் சிறியதொன்றைப் பிரதிஷ்டை செய்து தினசரி அபிஷேகத்தை அதற்குச் செய்யலாம். பழையதற்கு ஆண்டில் ஓரிரு நாள், சுத்த நீர் மட்டும். இது வழிபாட்டைக் குறைப்பதல்ல. குருக்களோடு பேசினால் புரிந்துகொள்வார்.

அபிஷேகம் ஆனவுடன் கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். துவைத்துத் துவைத்து மெல்லிதான பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். காது, அக்குள், சடை இடுக்கு, விரலிடைகளில் பஞ்சுக்குச்சி. பிறகு மின்விசிறிக்கு முன் இரண்டு மணி நேரம். பீடத்தின் அடி குழிந்திருந்தால் சாய்த்துப் பாருங்கள், அங்கே ஒரு தேக்கரண்டி நீர் நின்றிருக்கும். வெண்கல நோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான்.

வயது கேட்பவர்களுக்கு

தோட்டத்துக் கோயில்களில் உள்ள செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் கும்பகோணம், சுவாமிமலைப் பக்கத்திலிருந்து கடந்த நூற்றாண்டில் வந்தவை. அதனால் மதிப்புக் குறைவதில்லை. "சோழர் காலம், ஐம்பொன், உள்ளே தங்கம்" என்ற பேச்சுதான் ஆபத்து. சோழர் காலத் திருமேனிகளைச் சோதித்தபோது பெரும்பங்கு செம்பு, அதோடு வெள்ளீயம், காரீயம். தங்கமும் வெள்ளியும் இருந்தால் சுவட்டளவே. தங்கம் தேடி அடிப்பாகத்தைச் சுரண்டாதீர்கள், உரைகல்லில் உரசாதீர்கள்.

புதிதைப் பழசாக்கியிருந்தால் சில இடங்களில் தெரியும். ஈரப் பஞ்சில் பச்சை ஒட்டி வந்தால் அது பூசிய பச்சை. இயற்கைப் பச்சைக்கு அடியில் பொதுவாகச் செந்நிற அடுக்கு ஒன்று இருக்கும். பக்தர் கை பட்ட தேய்மானம் மேடுகளில் மட்டும் இருக்கும், பள்ளங்கள் கூர்மையாகவே இருக்கும். எல்லா இடமும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் இயந்திரமோ அமிலமோ காரணம். இதற்கு மேல் போய்க் காலம் கணிப்பதை அறிந்தவரிடம் விடுங்கள். படிவத்தில் "காலம்" என்ற இடத்தில் தோட்டக் கோயிலுக்கு வந்ததாகப் பெரியவர்கள் சொல்லும் வருடத்தை, சொன்னவர் பெயரோடு எழுதினாலே போதும்.

மண்ணில் கிடைத்தால்

பேராக் மண்ணில் இது கற்பனையல்ல. பீடோரில் 1936இல் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. இன்று அது கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறுநடவுக்குக் குழி தோண்டும்போதோ கால்வாய் வெட்டும்போதோ உங்கள் ஊரிலும் ஒன்று வெளிப்படலாம்.

வெளிப்பட்டால் கழுவாதீர்கள். மேலே ஒட்டிய மண் ஆய்வாளருக்குச் சான்று. கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் மண்வெட்டியோ அளவுகோலோ வைத்துப் படம் எடுங்கள். ஆழத்தையும் அடையாள இடத்தையும் எழுதுங்கள். குழியை மேலும் தோண்டாமல் தகரம் போட்டு மூடுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, அந்த மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் மாவட்ட அலுவலகம். நேரில் போகும்போது படங்களின் இரண்டு பிரதியும் எழுதிய கடிதமும் கொண்டுபோய், ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.